சேவ் பண்ணிட்டு வர்றேன்!

வீடியோ கேம் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, 'பிள்ளையைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான்' ரகம். மீதிப் பாதி அந்தப் பிள்ளைகளே எழுதியவை. நடுவில் நான். பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கையில் கன்ட்ரோலர். வயது 43. வீட்டில் கேம் ஆடாத கணவர் ஒருவர், என்னைவிட நன்றாக ஆடும் 15 வயது மகள் ஒருத்தி. அதனால் இரண்டு கட்சிக்காரர்களின் வழக்கும் எனக்குத் தெரியும். சரி, ஆரம்பிப்போம்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. சாப்பிடக் கூப்பிட்டால், "ஆன்லைன் கேம்மா, நடுவுல பாஸ் பண்ணி நிறுத்த முடியாது" என்கிறான். நிஜமா, புளுகா?
(ஒரு தாய்)

நிஜம்தான். ஆனால் அதற்குள் கொஞ்சம் புளுகும் ஒளிந்திருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

தனியாக ஆடும் கேம் அவன் கையில் இருக்கும் கருவிக்குள்ளேயே ஓடுகிறது. நிறுத்தினால் அந்த உலகமே நிற்கும். ஆன்லைன் கேம் ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில். அங்கே அவன் பத்துப் பேரில் ஒருவன், நூறு பேரில் ஒருவன். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்றால் இந்தப் பக்கம் 5 பேர், அந்தப் பக்கம் 5 பேர். ஒரு மேட்ச் ஏறக்குறைய அரை மணி நேரம் போகும். நடுவில் ஒருவன் எழுந்து போனால் மிச்சமுள்ள நால்வரும் அடி வாங்குவார்கள். அடிக்கடி இப்படி நழுவுகிறவனை கேமே கண்டுபிடித்து, அடுத்த மேட்சுக்குக் காக்கவைத்துத் தண்டிக்கும். பப்ஜியில் 100 பேர் வரை குதிப்பார்கள். கடைசி ஆளோ கடைசி அணியோ மிஞ்சும்வரை ஆட்டம் ஓடும். நன்றாக ஆடினால் அரை மணி நேரம், சொதப்பினால் இரண்டே நிமிடம். ஆகவே கூப்பிட்ட உடனே மகன் வந்து உட்கார்ந்த நாளில், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இணையம் இல்லாமல் ஆடினாலும் பாஸ் கிடையாது என்று சொல்லும் கேம்களும் உண்டு. 2011-இல் வந்த டார்க் சோல்ஸ் அப்படித்தான். பட்டனை அழுத்தினால் மெனு திறக்கும். மெனுவுக்குப் பின்னால் எலும்புக்கூடு ஒன்று வாளோடு நடந்து வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் என் அம்மா போனில் கூப்பிட்டார்கள். ஒரு கையில் போன், ஒரு கையில் கன்ட்ரோலர். "என்னடி மூச்சு வாங்குது?" என்றார்கள். மாடிப்படி ஏறினேன் என்று சொல்லிவிட்டேன். கேமுக்குள் ஏறிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது புளுகு. அது இந்த மேட்சில் இல்லை, அடுத்த மேட்சில் இருக்கிறது. ஒன்று முடிந்ததும் அடுத்ததற்கான பட்டன் கண்ணெதிரே மினுக்கும், நண்பர்கள் "வாடா" என்பார்கள், உங்கள் மகன் "இன்னும் முடியலை" என்பான். சாப்பாடு தயாரான பிறகு கூப்பிட்டால் நீங்கள் எப்போதும் மேட்சின் நடுவில்தான் போய் நிற்பீர்கள். இருபது நிமிடம் முன்னாலேயே எட்டிப்பார்த்து, "இது முடிஞ்சா அடுத்தது ஆரம்பிக்காதே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் மகளிடம் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை பேர் மிச்சம்?" திரை ஓரத்தில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை தெரியும். எழுபது என்றால் நான் குளித்துவிட்டு வரலாம். பத்து என்றால் தட்டு வைக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததிலிருந்து அவள் பொய் சொல்வதில்லை. சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணம்.

கேள்வி: 43 வயதிலும் கேம் ஆடுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?
(பெயர் போடாத வாசகர்)

இருக்கிறது. போன வாரம், குரலை வைத்துப் பார்த்தால் எட்டு வயதுக்கு மேல் இருக்காத ஒரு பையனிடம் தொடர்ந்து ஐந்து முறை தோற்றேன்.

வயதால் வந்த நிஜமான தொல்லை வேறு. வெள்ளெழுத்து. கேமில் வரும் வசன எழுத்துகளை யார் கண்ணுக்காக இவ்வளவு பொடியாக வைக்கிறார்களோ! பல கேம்களில் எழுத்தின் அளவைக் கூட்டும் வசதி செட்டிங்ஸின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும், தேடிப் பாருங்கள். 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் இப்படிப்பட்ட உதவி வசதிகள் மட்டும் 60-க்கு மேல். பார்வையே இல்லாதவர்கள் ஒலிக்குறிப்புகளைக் கேட்டே அதை ஆடி முடித்திருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கிய அன்று, இரண்டு வருடமாக 'கயிறு' என்று நான் படித்துக்கொண்டிருந்த ஒரு சாமான் கயிறே இல்லை என்று தெரிந்தது.

கேள்வி: சின்ன வயதில் காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆடியிருக்கிறேன். எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும். அந்தப் படபடப்பு இப்போதைய கேம்களில் இல்லை. அதை எப்படித்தான் யோசித்தார்களோ?
(ஓய்வு பெற்ற வாசகர்)

யோசிக்கவே இல்லை ஐயா, அதுதான் வேடிக்கை. 1978-இல் அதைச் செய்தவர் தொமோஹிரோ நிஷிகாதோ. திரையில் வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 எதிரிகள். அன்றைய சிப்புக்கு அத்தனையையும் நகர்த்தி வரைவது பெரிய சுமை. நீங்கள் ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்த, வரைய வேண்டியது குறைந்தது, சிப்புக்கு மூச்சு வந்தது, மிச்சமிருந்தவை வேகமாக நகர்ந்தன. கடைசி ஒற்றை ஆள் பறந்தான். நிஷிகாதோ இதைக் கவனித்தார், சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். பின்னணியில் வரும் அந்த நாலு சுரத் 'டும் டும்'மும் கூடவே வேகம் எடுக்கும். உங்கள் நெஞ்சு படபடத்தது அதனால்தான்.

நாங்கள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும்போது, தட்டில் சோதனைக் குழாய்கள் குறையக் குறையக் கை வேகமாக ஓடும். அப்போதெல்லாம் இந்த கேம் ஞாபகம் வரும்.

கேள்வி: கன்ட்ரோலரைத் தொடாமலே என் ஆள் இடப்பக்கமாக நடக்கிறான். சாஃப்ட்வேர் கோளாறா?
(கல்லூரி மாணவர்)

பேய் என்று எழுதாமல் சாஃப்ட்வேர் என்று எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டில் மகள்மேல்தான் பழி போட்டேன். மலை உச்சியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் ஆள் அடிவாரத்தில் செத்துக் கிடந்தான். "நீதானே தொட்டே?" அவள் தொடவில்லை. மறுநாள் என் கண் முன்னாலேயே அவன் தானாக நடந்து போய் விழுந்தான். மன்னிப்புக் கேட்டேன், பாதி மனசோடு.

இதற்கு 'டிரிஃப்ட்' என்று பெயர். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் கட்டைவிரல் ஸ்டிக்குக்கு அடியில், மேல்கீழுக்கு ஒன்று, இடவலத்துக்கு ஒன்று என இரண்டு குட்டி மின்தடை உறுப்புகள் இருக்கும். நம் வீட்டு மின்விசிறியின் பழைய ரெகுலேட்டரைத் திருகுவது போல, ஒரு மெல்லிய உலோக முனை ஒரு பூச்சின்மேல் உரசிக்கொண்டே போகும். எந்த இடத்தில் உரசுகிறது என்பதை வைத்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கருவி கணக்கிடும். லட்சம் முறை உரசினால் பூச்சு தேயும், தூசு சேரும். பிறகு ஸ்டிக் நேராக நிற்கும்போதே 'சற்று இடப்பக்கம்' என்று தகவல் போகும். உங்கள் ஆள் கீழ்ப்படிதலுள்ளவன், நடக்கிறான்.

முதலில் செட்டிங்ஸில் 'டெட் ஸோன்' என்பதைக் கொஞ்சம் கூட்டுங்கள். நடுவில் இத்தனை தூரம்வரை வரும் அசைவைக் கண்டுகொள்ளாதே என்று அதற்கு அர்த்தம். தேய்மானம் குறைவாக இருந்தால் பல மாதம் ஓட்டலாம். ஆனால் கூட்டக் கூட்ட மெல்லிய அசைவுகள் எடுபடாது, குறிபார்த்துச் சுடும் கேம்களில் கை கட்டிப்போட்டது போல இருக்கும். அழுக்குதான் காரணம் என்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு ஸ்டிக்கைச் சுழற்றினால் சரியாகலாம். எங்கள் கூடத்தில் அது பாட்டில் பாட்டிலாக இருக்கிறது. இருந்தும் நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். தேய்ந்தே போயிருந்தால் அந்த உறுப்பை மாற்ற வேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

புதிதாக வாங்குவதாக இருந்தால் 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக் உள்ளதா என்று கேளுங்கள். அதில் உரசலே கிடையாது. காந்தம் நகர்வதை ஓர் உணரி (சென்சார்) தொடாமலே கண்டுகொள்ளும். புது விஷயம் என்று விளம்பரம் செய்கிறார்கள், ஆனால் 1998-இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது.

கேள்வி: வாங்கிய கேம்கள் 140, ஆடியவை 20. என்ன செய்ய?
(ஓர் இளைஞர்)

21-ஆவதை ஆடுங்கள். தள்ளுபடி என்று வாங்கி, ஆடிப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால், ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வாங்கிய 14 நாளுக்குள் கேட்க வேண்டும், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருக்க வேண்டும். அந்த 2 மணியில் முக்கால் மணியை, கேமில் வரும் உங்கள் ஆளின் முகத்துக்கு மூக்கு வரைவதில் செலவழிக்காதீர்கள். நான் செலவழித்தேன்.

கேள்வி: ஆள் தெரியாமல் கையும் துப்பாக்கியும் மட்டும் திரையில் தெரியும் கேம்களை ஆடினால் பத்தே நிமிடத்தில் குமட்டுகிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள். பழகிவிடுமா?
(25 வயது வாசகி)

சிரிக்கிறவர்களை அசையும் வண்டியில் உட்காரவைத்துப் புத்தகம் படிக்கச் சொல்லுங்கள். அதே வியாதிதான், தலைகீழாக. வண்டியில் உள்காது 'ஆடுகிறது' என்கிறது, கண் 'புத்தகம் அசையவில்லையே' என்கிறது. கேமில் கண் 'ஓடுகிறோம், திரும்புகிறோம், குதிக்கிறோம்' என்கிறது, காது 'சோபாவில்தானே இருக்கிறோம்' என்கிறது. இந்தப் பஞ்சாயத்தை மூளை தீர்க்க முடியாமல் வயிற்றில் கொண்டுபோய் விடுகிறது.

எனக்கும் உண்டு. ஒரு தடவை தரையில் மல்லாந்து படுத்து, மின்விசிறி சுற்றுவதைப் பார்க்காமல் இருக்க முகத்தில் துண்டு போட்டுக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் மூன்று விஷயங்கள் பிடிபட்டன. ஒன்று, 'ஃபீல்ட் ஆஃப் வியூ'. திரைக்குள் எவ்வளவு அகலம் தெரிகிறது என்ற அளவு. இது குறுகலாக இருந்தால், குழாய்க்குள் கண்ணை வைத்துக்கொண்டு ஓடுவது போல இருக்கும். திரைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு 60, 70 டிகிரி போதாது, 90 டிகிரி அளவில் வைத்துப் பாருங்கள். இரண்டு, நடக்கும்போது காட்சி தலையோடு சேர்ந்து குலுங்குவதையும், திரும்பும்போது காட்சி கலங்குவதையும் அணைத்துவிடுங்கள். இரண்டுமே அழகுக்காக வைத்தவை, இல்லாவிட்டாலும் ஆட்டம் குறையாது. மூன்று, திரையின் நடுவில் ஒரு புள்ளி இருக்கட்டும். கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மாதிரி.

படம் சீராக ஓடுவதும் முக்கியம். வினாடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 16.7 மில்லிவினாடி. சில நேரம் 60, சில நேரம் 25 என்று இழுத்தால் குமட்டல் கூடும். காட்சித் தரத்தைக் குறைத்துவிட்டுச் சீரான வேகத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

பழகுமா என்றால், பலருக்குப் பழகும். ஆனால் குமட்ட ஆரம்பித்த பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிப் பழக்க முடியாது. முதல் அறிகுறியிலேயே நிறுத்தி எழுந்துவிட வேண்டும். இத்தனையும் செய்து ஆகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆளை வெளியிலிருந்து காட்டும் கேம்கள் ஆயிரம் இருக்கின்றன.

கேள்வி: டெட்ரிஸை யாராவது 'முடித்து' இருக்கிறார்களா?
(பள்ளி ஆசிரியை)

1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்தபோது முடிவு என்று ஒன்றை வைக்கவில்லை. நிண்டெண்டோவின் பழைய கன்சோலுக்கு (டிவியில் இணைத்து ஆடும் கருவி) வந்த பதிப்பில் 29-ஆம் லெவல்தான் மனித எல்லை என்று நெடுநாள் நம்பினார்கள். அங்கே கட்டைகள் விழும் வேகத்துக்கு, பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓரத்துக்கு நகர்த்த நேரம் போதாது. பிறகு ஆட்டக்காரர்கள் கட்டைவிரலைப் பட்டன்மேல் சும்மா வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் முதுகை மற்ற விரல்களால் தபேலா போலத் தட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பட்டன் தானாக விரலில் போய் அழுந்தும். இந்த வித்தையால் அந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் போனார்கள். 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் 157-ஆம் லெவலில் கேமையே உறைய வைத்தான். கேம் திணறி நின்ற இடம்தான் முடிவு.

நானும் தபேலா தட்டிப் பார்த்தேன். 19-ஆவது லெவல். கணவர் பக்கத்து அறையிலிருந்து "கதவை யாரோ தட்டுறாங்க" என்றார்.

கேள்வி: பரணில் பழைய கேம் கார்ட்ரிட்ஜ்கள் (கன்சோலில் செருகும் கேம் பெட்டிகள்) கிடைத்தன. ஊதிவிட்டுப் போட்டால் ஓடுகிறது, ஆனால் நான் சேவ் செய்தவை எதுவும் இல்லை. எங்கே போயின?
(40 வயது வாசகர்)

முதலில் ஊதுவதை நிறுத்துங்கள். நாம் எல்லோரும் ஊதினோம், எல்லோரும் நம்பினோம். உண்மையில் வேலை செய்தது ஊதல் இல்லை. வெளியே எடுத்துத் திரும்பச் செருகியதில் உலோகக் கால்கள் சரியாகப் பொருந்தின, அவ்வளவுதான். நம் மூச்சில் இருக்கும் ஈரம் அந்தக் கால்களை நாளாக ஆகத் துருவேற்றும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

இப்போது உங்கள் சேவ். அந்தக் காலத்தில் பெரும்பாலான கேம்களில் சேவ் என்பதே கிடையாது. அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பம், இல்லையென்றால் பத்து இருபது எழுத்துள்ள பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைப்போம். பெரிய கேம்கள் சிலவற்றில்தான் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே நினைவகமும், அதை உயிரோடு வைத்திருக்க நாணயம் போன்ற ஒரு பேட்டரியும் இருந்தன. 1987-இல் கார்ட்ரிட்ஜில் வந்த தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா அப்படிப்பட்டது. அதில் ஒரு கட்டளையும் உண்டு: ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரை அணை. இல்லாவிட்டால் அணையும் நொடியில் சேவ் கெடலாம். அந்த பேட்டரி பத்திருபது வருடம் தாங்கும், அப்புறம் செத்துவிடும். கூடவே உங்கள் வாளும் கேடயமும்.

பேட்டரியை மாற்றலாம், ஆனால் அது சாதாரணமாகச் செருகியிருக்காது, பற்றவைத்திருக்கும். பழைய சேவ் திரும்ப வராது, இனி செய்பவைதான் நிற்கும். வேறு ஏதாவது கார்ட்ரிட்ஜில் சேவ் இன்னும் உயிரோடு இருந்தால், பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் அதைப் பிரதி எடுக்கும் கருவி வைத்திருப்பவரைத் தேடுங்கள். கழற்றினால் போச்சு.

கேள்வி: என் மனைவிக்கு கேம் பிடிக்காது. சேர்ந்து ஆட ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்?
(புது மாப்பிள்ளை)

பிடிக்காதா, வராதா? முதலில் அதைக் கேளுங்கள்.

கன்ட்ரோலரில் இரண்டு ஸ்டிக். இடது கட்டைவிரல் நடக்கிறது, வலது கட்டைவிரல் பார்க்கிறது. பழகியவருக்கு இது மூச்சு விடுவது போல. பழகாதவருக்கு, நடப்பதும் பார்ப்பதும் இரண்டு தனித்தனி வேலை என்று சொல்வதே அநியாயம். என் கணவர் முதல் நாள் பத்து நிமிடம் கூரையைப் பார்த்துக்கொண்டே சுவரில் முட்டினார். நான் "குடுங்க, நான் தாண்டி விடுறேன்" என்று பிடுங்கி, நாலே நொடியில் தாண்டித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் தொடவில்லை. தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

காட்சியை நாம் திருப்ப வேண்டியிராத கேமில் ஆரம்பியுங்கள். 2016-இல் வந்த ஓவர்குக்ட் நல்ல தொடக்கம். மேலிருந்து பார்த்த ஒரு சமையலறை. வெட்டு, வேகவை, தட்டில் வை, அனுப்பு. ஒரு ஸ்டிக், சில பட்டன்கள் போதும். இரண்டாவது நாளே ஒருவரை ஒருவர் கத்துவீர்கள். "தட்டு எங்கே?" "அடுப்பு எரியுது!" என்று. ஆனால் அது நல்ல கத்தல். ஒருவர் கை இன்னொருவருக்குத் தேவைப்படுகிற கத்தல்.

தேறிய பிறகு இட் டேக்ஸ் டூ, 2021. இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாது, தனி ஆளுக்கு வழியே வைக்கவில்லை. ஒருவருக்கு ஆணி, ஒருவருக்குச் சுத்தியல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கருவியைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரே எச்சரிக்கை: கதையே விவாகரத்து வரை போன ஒரு தம்பதியைப் பற்றியது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கஷ்டமான இடத்தில் 'ஈஸி'க்கு மாற்றினால் அது ஏமாற்று வேலையா?
(கல்லூரி மாணவி)

தனியாக ஆடும்போது யாரை ஏமாற்றுகிறீர்கள்? கிரேடியஸ் என்ற விண்வெளி கேமை 1986-இல் வீட்டுக் கன்சோலுக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோதோ, தான் செய்த கேம் தனக்கே முடியவில்லை என்று, சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு குறுக்குவழி வைத்தார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. அழுத்தினால் எல்லா ஆயுதமும் கைக்கு வரும். அது நீக்கப்படாமல் அப்படியே வெளியே வந்துவிட்டது, பின்னால் கான்ட்ரா என்ற கேமில் 30 உயிர் கொடுத்துப் புகழ் பெற்றது. செய்தவரே கஷ்டம் என்று சொன்ன பிறகு நமக்கென்ன கௌரவம்? 2018-இல் வந்த செலஸ்ட் இன்னும் வெளிப்படை. கேமின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம், சாகாமல் ஆடலாம், அதற்காக யாரும் கேலி செய்யமாட்டார்கள். நான் மலையின் கடைசிக் கட்டத்தை 80 சதவீத வேகத்தில்தான் ஏறினேன்.

ஆன்லைனில் ஏமாற்றுவது வேறு கதை. எதிரில் ஒரு மனுஷன் இருக்கிறான்.

கேள்வி: தினமும் மூன்று மணி நேரம் ஆடுகிறேன். வேலைக்குப் போகிறேன், தூங்குகிறேன். ஆனால் அம்மா 'அடிமை' என்கிறார். நான் அடிமையா?
(26 வயது வாசகர்)

கடிகாரத்தை வைத்துச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் இதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் மணிக்கணக்கே இல்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. இவை சேர்ந்து, வாழ்க்கை குலையும் அளவுக்கு, பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார். நீங்கள் எழுதியதில் அது தெரியவில்லை. ஆனால் எழுதாமல் விட்டது உங்களுக்குத்தான் தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு இரண்டு மாதம் ராத்திரியெல்லாம் ஸ்டார்டியூ வேலி ஆடினேன். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்து 2016-இல் வெளியிட்ட விவசாய கேம். அதில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். சேவ் ஆக ஒரே வழி, நாள் முடிந்து படுத்துத் தூங்குவது. தூங்கினால் சேவ் ஆகும், உடனே விடியும். விடிந்தால் நேற்று நட்டது முளைத்திருக்கும், முளைத்ததற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றினால் பாதி நாள் போய்விடும், பாதி நாளைப் பாழாக்க மனசு வராது. இப்படியே மணி மூன்று. 28 நாள் ஒரு பருவம், நாலு பருவம் ஒரு வருடம். நான் ஏழாவது வருடத்தில் இருந்தேன்.

கணவர் நிறுத்தச் சொல்லவில்லை. ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இப்ப அங்கே என்ன பருவம்?" என்று கேட்டார். பனிக்காலம் என்றேன். "பனிக்காலத்தில் ஒண்ணும் விளையாதாமே, அப்புறம் ஏன் தினம் எழுந்து போறே?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அப்பாவைப் பற்றிப் பேசினோம். விடியும்வரை பேசினோம். அதற்குப் பிறகும் ஆடினேன், இப்போதும் ஆடுகிறேன், பதினொன்றரைக்கு வைத்த அலாரம் அடித்தால் நாளின் நடுவிலேயே அணைத்துவிடுகிறேன். அந்த அரை நாள் சேவ் ஆகாது. போகட்டும்.

அம்மாவிடம் நீங்கள் ஆடுவதைக் கொஞ்சம் காட்டுங்கள். அவர் பார்ப்பது உங்கள் முதுகை மட்டும்தான்.

கேள்வி: என் தம்பி என் சேவை அழிச்சிட்டான். 60 மணி நேரம் ஆடினது. அவனுக்கு என்ன தண்டனை குடுக்கலாம்?
(10 வயது வாசகி)

கண்ணு, முதலில் சேவ் நிஜமாகவே போய்விட்டதா என்று பார். சில கன்சோல்கள் இணையத்தில் ஒரு பிரதி வைத்திருக்கும். கேமைத் திறக்காமல், அப்பா அம்மாவை விட்டுத் தேடச் சொல். திறந்தால் புது சேவ் அந்தப் பழைய பிரதியின்மேலேயே போய் உட்கார்ந்துவிடலாம். அது இருந்தால் தம்பி தப்பித்தான். இனி அவனுக்குத் தனி கணக்கு போட்டுக் கொடுங்கள்.

இல்லையென்றால்... தண்டனை பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, குதிரை ஏறித் திரியும் ஒரு கேமில் 'புது ஆட்டம்' என்பதை அழுத்தினேன், அவளுடைய சேவின்மேலேயே. தூக்கக் கலக்கம். சொல்ல தைரியம் வரவில்லை. அவள் அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், கேம் பக்கம் வர மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரமும் ராத்திரி உட்கார்ந்து, அவள் போன இடமெல்லாம் போனேன். அவள் வைத்திருந்த அதே வில், அதே தொப்பி, அதே அளவு பணம். குதிரையைப் பிடித்து அதே பெயரையும் வைத்தேன்.

பரீட்சை முடிந்து வந்து ஆட ஆரம்பித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்பாடா என்று இருந்தேன். பத்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிமிராமலே கேட்டாள்: "அம்மா, என் குதிரைக்கு நெத்தியில வெள்ளைப் பொட்டு எப்ப வந்துச்சு?"